மாஸ்டர் மலையாக இருக்கும் நேரம்

மாலை நாலே முக்காலுக்கு மாஸ்டர் ஹாலில் போர்வையை விரித்து, ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கிக்கொள்கிறார். மடக்கிய காலுக்கு அடியில் இருப்பது சுரங்கப்பாதை. இடுப்புதான் மலையுச்சி. தோளிலிருந்து கழுத்து வரை கொண்டை ஊசி வளைவு. ஏழு வயதுப் பெரியவன் கையில் ஒரு லாரியோடும், ஐந்து வயதுச் சுண்டு ஒரு சக்கரம் இல்லாத பஸ்ஸோடும் வந்து நிற்கிறார்கள். "மலை ரெடி," என்கிறார் மாஸ்டர், கண்ணை மூடிக்கொண்டே. அதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்கு அவரிடமிருந்து பேச்சே வராது. மலை பேசாது என்பது இந்த ஆட்டத்தின் முதல் விதி. அதை எழுதியது யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது விதி, வளைவில் யாரும் யாரையும் முந்தக் கூடாது. முந்தினால் மலை இருமும். மூன்றாவது, மலை புரண்டு படுத்தால் அது நிலச்சரிவு. பாதை சரியாகும்வரை வண்டிகள் வரிசையில் காத்திருக்க வேண்டும். ஒரு நாள் நிலச்சரிவு ஐம்பது நிமிடம் நீடித்தது. நடுவே லேசாகக் குறட்டையும் கேட்டது. "எரிமலைடா, தள்ளி நில்லு," என்று சுண்டு அண்ணனை எச்சரித்தாள்.

மாஸ்டர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர், இந்த இருவருக்கும் அம்மா. பன்னிரண்டு வருடத் தொழில். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ஊரில் பாதிப் பேர் உயிரோடு வீடு திரும்பியது அந்தப் பிரேக்கில் இருந்த அவர் காலால்தான். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் எதிர்வீட்டுக்காரி, வயது ஐம்பத்தொன்று, லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை தோற்றவள். முதல் தடவை ஒரு கம்பத்தால், இரண்டாம் தடவை அதே கம்பத்தால். மாஸ்டர் எனக்குப் பதினாறு வயது இளையவர். "கம்பம் நகராதுக்கா, நாமதான் நகரணும்," என்று சிரிக்காமல் சொல்வார். மனசுக்குள் சிரிப்பார் என்பது எனக்குத் தெரியும்.

அவருக்குக் கழுத்தில் இருக்கும் சின்னச் சுரப்பி ஒன்று மெத்தனமாக வேலை செய்கிறது. தைராய்டு குறைவு என்று டாக்டர் சொல்கிறார். மாஸ்டருக்கு அதைச் சொல்ல வேறு பாஷை இருக்கிறது. "ஐட்லிங் கம்மிக்கா. சிக்னல்ல நின்னாலே வண்டி ஆஃப் ஆயிடுது. தலைக்குக் குளிச்சா அன்னிக்குப் பெட்ரோல் காலி." எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் மூட்டை தூக்கியவரைப் போல எழுவார். வெயில் காலத்திலும் பாதம் ஜில்லென்று இருக்கும். வகுப்பு நடுவில் 'வளைவு' என்ற சொல் மறந்துபோய்க் காற்றில் கையால் வளைத்துக் காட்டுவார். மாணவர்கள் பயபக்தியோடு அதையும் நோட்டில் வரைந்துகொள்வார்கள்.

நோய்க்குப் பெயர் தெரியாமல் இருந்த இரண்டு வருடம் ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். லிஃப்ட் மெக்கானிக்கான அவர் கணவர், "ரெண்டு புள்ளை இருந்தா எல்லாருக்கும் அப்படித்தான்," என்றார். கெட்ட மனிதரல்ல, அவருக்கு எந்தப் பிரச்சினையானாலும் ஒரு சுவிட்சை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை. நான் என் பங்குக்கு, "நிறைய தண்ணி குடிங்க மாஸ்டர்," என்று சொல்லிவைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மாஸ்டரின் நாத்தனார், கணவரின் அக்கா, வைத்த பெயர் சோம்பல். சனிக்கிழமைதோறும் வருவார். வாசலிலேயே ஜன்னல் விளிம்பில் விரலை ஓட்டி, தூசியை நமக்குக் காட்டி, பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். "எழுந்து நடமாடினா எல்லாம் தன்னால சரியாகும். படுத்தே கிடந்தா உடம்பு படுக்கத்தான் கேக்கும்," என்பார். சொல்லிக்கொண்டே மொத்தப் பாத்திரத்தையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் போவார் என்பதையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். இதை அவர் படிப்பார் என்ற பயம் எனக்கு இல்லை. எந்தப் பத்திரிகையிலும் குறுக்கெழுத்துப் பக்கம் தவிர வேறு பக்கத்தை அவர் திறந்து நான் பார்த்ததில்லை.

போன வருடம் ஒரு காலை, மாணவர் ஒருவர் காரைத் திருப்பும்போது குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. மாஸ்டரின் கால் பிரேக்குக்கு வந்தது, ஆனால் கண் இமைக்கும் நேரம் தாமதமாக வந்தது. சைக்கிள்காரர் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போய்விட்டார். மாணவருக்கு ஒன்றும் தெரியாது. மாஸ்டர் நேரே பயிற்சிப் பள்ளிக்குத் திரும்பி, சாவியை முதலாளியின் மேசையில் வைத்தார். "என் கால் லேட்டா வந்துச்சு சார். இனிமே நான் பக்கத்துல உக்கார மாட்டேன்." முதலாளி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். யாரும் பார்க்காத ஒரு தப்பைத் தானே போய் ஒப்புக்கொள்ளும் ஆளை என்னதான் செய்வது.

அன்று மாலை பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார், மறுநாள் நோயின் பெயர் தெரிந்தது. அப்போதிலிருந்து மாடியறையில் கரும்பலகை முன் நின்று, சாலைக் குறியீடுகளைச் சொல்லிக்கொடுக்கிறார். ஜன்னலுக்கு வெளியே ஏதாவது வண்டி வேகமாகப் போனால் அவருடைய கால் தானாகத் தரையை மிதிக்கும். ரத்தம் சரியாகிவிட்டது, ரோட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் ஒரு கடிதம் தர வேண்டும். அந்தக் கடிதத்துக்காகத்தான் அவர் காத்திருக்கிறார். நானும் காத்திருக்கிறேன். வேறு மாஸ்டரிடம் போய் அந்தக் கம்பத்தைப் புதிதாக அறிமுகப்படுத்த எனக்குத் தெம்பில்லை.

மாத்திரை விஷயத்தில் மாஸ்டர் ராணுவம். காலை ஐந்தரைக்கு அலாரம். படுக்கையருகே ஏழு அறை கொண்ட டப்பா, பக்கத்தில் தண்ணீர். கண்ணைத் திறக்காமலே அன்றைய அறையைத் தடவித் திறந்து விழுங்குவார். அதன் பிறகு ஒரு மணி நேரம் டீ கிடையாது. அதற்குக் காவல் பெரியவன். "இன்னும் பதினாலு நிமிஷம்மா," என்று அடுப்பை மறைத்துக்கொண்டு நிற்பான். சனிக்கிழமை காலை அன்றைய மாத்திரையைப் போட்டதும் அடுத்த வாரத்துக்கான ஏழு அறைகளையும் மாஸ்டரே நிரப்புவார். "நாத்தனார் என்னை என்ன வேணா சொல்லட்டும்கா, மாத்திரைய ஒரு நாள் விட்டேன்னு மட்டும் சொல்ல முடியாது," என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை.

மற்ற நேரத்துக்கெல்லாம் படுத்துக்கொண்டே பிள்ளை வளர்க்கும் கலை. ஒரு காலில் சிவப்புக் காலுறை, மற்றதில் பச்சை. சோபாவில் படுத்தபடி சிவப்புக் காலைத் தூக்கினால் பிள்ளைகள் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். பச்சை தூக்கினால் ஓடலாம். சில நாள் டயர் கடை. மாஸ்டர் பழுதான லாரி. நாலு டயருக்கும், அதாவது இரண்டு கை இரண்டு காலுக்கும், பிள்ளைகள் அமுக்கி அமுக்கிக் காற்றடிக்க வேண்டும். "பின் டயர்ல இன்னும் காத்து ஏறல," என்று லாரி முனகும்.

இன்னொரு நாள் நான் கதவைத் தட்டினேன். மியூசியம் நடந்துகொண்டிருந்தது. மாஸ்டர் கழுத்து வரை போர்வையோடு நீட்டிப் படுத்திருந்தார். சுண்டு என் கையைப் பிடித்து அழைத்துப் போய், "இவங்க ஒரு ராணி. ஆயிரம் வருஷமா தூங்கறாங்க. தொடாதீங்க, உடைஞ்சிடுவாங்க," என்று தணிந்த குரலில் விளக்கினாள். ராணியின் உதடு ஓரத்தில் துடித்தது.

ஆனால் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு, டீ ஆறிக்கொண்டிருக்க, இந்த விளையாட்டுக்கார முகம் கழன்றுவிடும். "ஏமாத்தறேன்கா. மத்த அம்மாங்க எல்லாம் பார்க்குல பின்னாடியே ஓடறாங்க. நான் போர்வைய விரிச்சு ஆட்டம்னு சொல்லிப் படுத்துக்கறேன். நாளைக்கு இதுங்க வளந்து, நீ எங்களுக்கு என்னம்மா பண்ணேன்னு கேட்டா, படுத்திருந்தேன்னு சொல்லணும்." அழுவார். அழும்போதும் கடிகாரத்தைப் பார்ப்பார், ஒன்பது மணிக்கு வகுப்பு.

ஒருவழியாக டாக்டர் அளவைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்ததும், மூன்று மாதத்துக்கு முன் மாஸ்டர் எழுந்தார். சும்மா எழவில்லை, சிலிர்த்துக்கொண்டு எழுந்தார். அலமாரியெல்லாம் கவிழ்ந்தது. சோபாவுக்கு அடியிலிருந்து பெரியவன் பல நாளாக ஒளித்துவைத்த பிரெட் ஓரங்கள் பதினொன்று வெளியே வந்தன. "பல்லு தேச்சியா, நகத்தக் காட்டு, நோட்ட எடு" என்று எதிர்வீடு வரை குரல் கேட்டது. அந்தக் குரலைக் கேட்க எனக்கு ஆனந்தமாக இருந்தது. பிள்ளைகளுக்கு இல்லை. நாலே முக்காலுக்கு இருவரும் வண்டிகளோடு ஹாலில் வந்து நிற்பார்கள். மலை சமையலறையில் பூட்டு உடைந்த டிராயரைச் சரிசெய்துகொண்டிருக்கும். எழுந்த அம்மா அவர்களுக்கு ஒரு புது ஆள். டாக்டர், "ஒன்றரை மாசம் கழிச்சு ஒரே ஒரு டெஸ்ட். அதுவும் சரியா இருந்தா லெட்டர்," என்றார். மாஸ்டர் ரோட்டுக்கென்று புது ஷூ வாங்கி, பெட்டியோடு வைத்திருந்தார்.

அதிலிருந்து நாலாவது வாரத்தில் மறுபடி வண்டி இழுக்கவில்லை. மாடிப்படியில் நடுவில் உட்கார்ந்துவிட்டார். "வெயில்தான்," என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். போர்வை திரும்ப ஹாலுக்கு வந்தது. என் வீட்டில் டீ குடிக்கும்போது ஒரு நாள், "இப்பல்லாம் மாத்திரை லேசா இனிக்குதுக்கா. கம்பெனிக்காரனுக்கு என் மேல பாவமா போச்சு போல," என்றார். நான் சிரித்தேன். அதே டீயின்போது நான் ஒரு புகார் சொன்னேன். எனக்குச் சர்க்கரை வியாதி. டீயில் போட்டுக்கொள்ளக் குட்டி இனிப்பு மாத்திரை வைத்திருக்கிறேன். டப்பாவின் தலையை அமுக்கினால் கிளிக்கென்று ஒன்று விழும். இரண்டு மாதம் வர வேண்டிய டப்பா ஒரே மாதத்தில் காலியாகிவிட்டது, என் வீட்டுக்காரர் திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று புலம்பினேன். இரண்டு பேச்சும் ஒரே மேசையில் நடந்தன. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கும் மூளை அங்கே யாருக்கும் இல்லை.

வியாழக்கிழமை ரத்தம் கொடுத்தார். வெள்ளிக்கிழமை டாக்டரே போன் செய்தார். சுரப்பி மந்தமானால் ஏறும் டி.எஸ்.எச். என்ற எண், நாலுக்குள் இருக்க வேண்டியது, முப்பத்தேழில் நின்றது. மருந்தின் அளவை ஏற்ற வேண்டும், நாளைக்கே வாருங்கள் என்றார். "மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?" என்று ஒரு கேள்வியும் கேட்டார். "ஒரு நாள் கூட தவறலை டாக்டர்," என்றார் மாஸ்டர். செய்தி நாத்தனாருக்குப் போனது. "நானும் வரேன். டாக்டர்கிட்ட நான் பேசறேன். ஒழுங்கா போட்டிருக்க மாட்டா," என்று தம்பியிடம் போனில் சொல்லியிருக்கிறார்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணி. பத்து மணிக்கு நாத்தனார் வருவார், பதினொன்றுக்கு டாக்டர். நான் துணி உலர்த்திவிட்டு உள்ளே வந்தால் என் சமையலறையில் கிளிக், கிளிக் என்று சத்தம். சுண்டு நாற்காலியில் ஏறி நின்று, என் டப்பாவை உள்ளங்கையில் அமுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றாக எண்ணினாள். "ஞாயிறு. திங்கள். செவ்வாய்."

"யாருக்குடி இது?" என்றேன்.

"அம்மாவுக்கு. வர்ற வாரத்துக்கு," என்றாள் சாதாரணமாக. கையில் இருந்த மாத்திரையும் மாஸ்டரின் மாத்திரையும் ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே அளவு.

அப்படியே தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். நான் சொல்லி முடிக்குமுன் மாஸ்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. தன் உடம்பைப் பற்றி அவர் நினைக்கவே இல்லை. சுண்டுவின் வாயைத் திறந்து பார்த்தார், நாக்கைத் தூக்கிப் பார்த்தார். "நிஜ மாத்திரை எங்க? தின்னியா? சொல்லு, தின்னியா?" சுண்டு போய் அண்ணனின் லாரியைக் கொண்டுவந்தாள். அதன் டீசல் டேங்க் மூடியைத் திறந்து போர்வையில் கவிழ்த்தாள். எண்ணினோம். ஆறு சனிக்கிழமை என்று சுண்டு விரல் விட்டுக் காட்டினாள், அப்படியென்றால் நாற்பத்திரண்டு இருக்க வேண்டும். நாற்பதுதான் இருந்தன.

"ரெண்டு எங்க?"

"ஒண்ணு சிங்க்ல விழுந்துடுச்சு. ஒண்ணு பஸ்ஸுக்குச் சக்கரமா ஒட்டினேன். நிக்கல." பஸ்ஸைத் திருப்பிப் பார்த்தோம். பசையில் பாதி மாத்திரை ஒட்டிக்கொண்டிருந்தது. மாஸ்டர் சுவரில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்துவிட்டார். பெரியவனுக்குத்தான் பெரிய அவமானம். "டைம் பாக்கறது நானு. என்கிட்ட கேக்காமயே மாத்தியிருக்கா," என்று பொருமினான்.

"ஏண்டி இப்படிப் பண்ணே?" என்று மாஸ்டர் கேட்டார்.

"மாத்திரை போட்டா நீ எழுந்துடறே."

"எழுந்தா என்ன?"

"மலை போயிடுது."

அடி விழும் என்று நான் நினைத்தேன். விழவில்லை. மாஸ்டர் மகளைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார். பிறகு மெதுவாக, "நான் படுத்துக் கிடக்கறது உனக்குப் பிடிக்குமா?" என்று கேட்டார். இது என்ன கேள்வி என்பதுபோலச் சுண்டு அம்மாவைப் பார்த்தாள். "அப்பதான் நீ எங்கயும் போக மாட்டே," என்றாள்.

மாஸ்டர் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து அருகில் போனேன். சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணிலிருந்து தண்ணீரும் வந்துகொண்டிருந்தது. "இதுக்காகவாக்கா ஒரு வருஷமா நான் உங்க டீயைக் குடிச்சு அழுதேன்?" என்றார். அதன் பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வகுப்புக் குரலை வரவழைத்து, மாத்திரையை இனி ஒரு விரலாலும் தொடக் கூடாது, தொட்டால் என்னென்ன ஆகும் என்று பத்து நிமிடம் பாடம் நடத்தினார். டப்பா அலமாரியின் உச்சிக்குப் போனது, பூட்டுப் போட்டு. சுண்டுவும் உதட்டைப் பிதுக்கி, இனி தொடுவதில்லை என்று தலையில் கை வைத்துச் சொன்னாள். பத்து மணிக்கு ஜன்னல் விளிம்பில் ஒரு விரல் ஓடும் சத்தம் கேட்டது.

டாக்டரின் அறை சின்னது. மாஸ்டர் நாற்காலியில், மடியில் சுண்டு. கணவருக்கு அன்று எங்கோ லிஃப்டில் ஆள் மாட்டிக்கொண்டதால், பெரியவனைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நான். நாத்தனார் டாக்டரின் மேசைக்கு அருகிலேயே நின்றுகொண்டார். "இதுல யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று எங்கள் கூட்டத்தைப் பார்த்துக் கேலியாகக் கேட்டுவிட்டு டாக்டர் தாளைத் திருப்பினார். எண்ணைப் பேனாவால் வட்டமிட்டார்.

"ஒழுங்கா மாத்திரை போட்டும் இப்படின்னா டோஸ ஏத்தித்தான் ஆகணும்," என்றார்.

ஏற்றக் கூடாது என்பது எங்களுக்குத் தெரியும். நிஜ மாத்திரையே உள்ளே போகாதபோது எதை ஏற்றுவது. ஆனால் நடந்ததைச் சொன்னால் நாத்தனார் காதில் விழும். இன்று மாலைக்குள் அது சித்தப்பா வீடு, பெரியப்பா வீடு, கல்யாண வீடு என்று கிளம்பி, சுண்டு தாயாகி அவளுக்குப் பிள்ளை பிறந்தாலும் 'அம்மா மருந்தத் திருடினவ' என்று பின்னாலேயே வரும். மாஸ்டர் என்ன சொல்லப்போகிறார் என்று நான் அவர் முகத்தையே பார்த்தேன்.

சுண்டு மடியில் நிமிர்ந்தாள். தன் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்ல இதைவிடப் பெரிய சபை அவளுக்குக் கிடைக்காது. "டாக்டர், நான்தான்—"

மாஸ்டரின் கை அவள் வாயை மூடியது. "நான்தான் டாக்டர்," என்றார். "போடலை. மறந்துட்டேன்."

"எத்தனை நாள்?"

"நாப்பத்திரண்டு நாளும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "டோஸ் அதே இருக்கட்டும். ஆறு வாரம் ஒழுங்கா போட்டுட்டு வாங்க. லெட்டர் அப்புறம் பேசலாம்," என்றார். இன்னும் ஆறு வாரம் கரும்பலகை, ஆறு வாரம் ஜன்னல். மாஸ்டர் தலையாட்டினார்.

"கேட்டீங்களா டாக்டர்?" நாத்தனாருக்கு வருடக்கணக்காகக் காத்திருந்த நேரம் வந்துவிட்டது. "நான் அன்னிக்கே சொன்னேன், இவ ஒழுங்கா போட மாட்டான்னு. யாராவது என் பேச்சைக் கேட்டாங்களா? சோம்பல், டாக்டர். வாய்க்குக் கொண்டுபோறதுக்கும் சோம்பல்." அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனார். மாஸ்டர் ஒவ்வொரு சொல்லுக்கும், "ஆமாங்க அண்ணி," என்றார். சுண்டுவுக்குப் பொறுக்கவில்லை, திமிறினாள், பிறகு வாயை மூடியிருந்த உள்ளங்கையை நன்றாகக் கடித்தாள். மாஸ்டருக்கு முகம் ஒரு முறை சுளித்தது. கையை எடுக்கவில்லை.